நைனாவின் சிவப்புக் கோடு

காட்பாடியில் எங்கள் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் ட்யூப் செங்குத்தாக நிற்கும். தொட்டியில் எவ்வளவு தண்ணீரோ, ட்யூபிலும் அதே உயரம். பாதியில் சிவப்பு பெயிண்டில் ஒரு கோடு. காலையில் காபிக்கு முன்னால் ஒரு தடவை, ராத்திரி படுக்கப்போகும்போது ஒரு தடவை நைனா மாடியேறி அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு வருவார்.

நைனா கடற்படையில் ஸ்டோக்கர், அதாவது கப்பலின் பாய்லரைப் பார்த்துக்கொள்பவர். 1967இல் சேர்ந்து 15 வருஷம் இருந்தார். எங்கள் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் கிடையாது. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். ஆனால் எங்கள் தெருவில் நேவிக்குப் போனவர் நைனா ஒருத்தர்தான். ‘கப்பல்காரர் வீடு’ என்றால் தபால்காரருக்கும் தெரியும்.

1971 போரில் விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் இருந்தார். கதை கேட்டால், “நான் இன்னாத்தம்மா பாத்தேன்? கீழ கேஜ் கிளாஸப் பாத்துகினு நின்னேன்” என்பார். கேஜ் கிளாஸ் என்பது பாய்லருக்குள் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கண்ணாடி. விக்ராந்துக்கு நாலு பாய்லர். ஒன்றில் போருக்கு முன்பே விரிசல். கப்பல் வேகமாக ஓடினால்தான் விமானம் எழும்பத் தேவையான எதிர்க்காற்று கிடைக்கும். அந்த ஓட்டத்துக்கும் நீராவி, விமானத்தை உந்தித் தள்ளும் கேட்டபுல்ட்டுக்கும் நீராவி. டிசம்பர் 4 அன்று சீஹாக் விமானங்கள் கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரைத் தாக்கக் கிளம்பியபோது, நைனாவுக்குத் தலைக்கு மேலே ‘தொம்’மென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தண்ணீர் மட்டம் கண்ணாடிக்குக் கீழே போனால் பாய்லர் குழாய்கள் காய்ந்து வெந்துபோகும். மேலே போனால் டர்பைனுக்குள் தண்ணீர் புகும். “பாதி கிளாஸ் நிக்கணும். எப்பவும் பாதி கிளாஸ்.” கடல்நீரைக் காய்ச்சி வடித்த நல்ல தண்ணீர் முதலில் பாய்லருக்கு, மிச்சம்தான் மனுஷனுக்கு. சுற்றிலும் கடல், குளிக்க ஒரு பக்கெட்.

ஊருக்கு வந்தபின் ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் பாய்லர் ஆபரேட்டர். அந்தச் சம்பளத்தில்தான் நானும் தம்பியும் படித்தோம். தோல் கழிவால் பாலாறு கெட்டது என்று யாராவது பேச்செடுத்தால், எழுந்து மாடிக்குப் போய்விடுவார்.

நான் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தது கடும் கோடை. லாரித் தண்ணீர்தான். எனக்கு ஒரு நாளும் தட்டுப்பாடு தெரியவில்லை. நைனாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று அம்மா சொன்னார்: “கொழந்தத் துணிக்குப் பத்தாதுன்னு நாப்பது நாளும் உங்க நைனா அர பக்கெட்லதான் குளிச்சாரு. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்ட்டாரு.”

2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. பாலத்தில் ஊரே நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தது. நைனா கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி ஒரு மணி நேரம் நின்றார். அவர் பிடித்திருந்த இடத்தில் விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. எதுவும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றிக் குளித்தார்.

அடுத்த மாசியில் போய்விட்டார்.

போன வாரம் மாடிக்குப் போனேன். ட்யூபுக்குள் பாசி படிந்து கோடு மங்கித் தெரிந்தது. அவர் துணி சுற்றி வைத்திருந்த கம்பி தொட்டிக்குப் பின்னாலேயே இருந்தது. விட்டுக் குடைந்தேன், பச்சையாக வழிந்தது. கோட்டுக்கு நாலு விரல் கீழே தண்ணீர். இறங்கிப் போய் மோட்டாரைப் போட்டேன்.