என் பங்குக்கு எத்தனை பூமி?

நேற்று ராத்திரி என் சூழலியல் தடத்தை, அதாவது நான் வாழும் விதத்துக்கு எவ்வளவு நிலம் தேவைப்படுகிறது என்பதை, கணக்கிடும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தேன். வீட்டின் பரப்பு, மின்சாரம், குப்பை எல்லாம் மளமளவென்று போனது. வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் விமானப் பயணம் என்றதும் விரல் நின்றுவிட்டது. 6 என்று போட்டேன். யாரை ஏமாற்ற? அழித்துவிட்டு உண்மையான 14-ஐயே போட்டேன். விடை: எல்லோரும் என்னைப்போல் வாழ்ந்தால் 2.4 பூமி வேண்டுமாம்.

1990களில் வில்லியம் ரீஸும் மாத்திஸ் வாக்கர்நேகலும் கனடாவில் வகுத்த கணக்கு இது. நாம் தின்பது, உடுப்பது, எரிப்பது எல்லாவற்றையும் நிலப்பரப்பாக மாற்றி 'உலக ஹெக்டேர்' என்ற அலகில் சொல்கிறது. மனிதகுலத்தின் மொத்தத் தடத்தில் பாதிக்கு மேல் கார்பன்தான், அதாவது நாம் எரிப்பதில் வரும் கரியமில வாயுவை உறிஞ்சத் தேவையான காட்டுப் பரப்பு. துணிப்பையோடு நான் பட்ட பெருமையை நினைத்தால் கொஞ்சம் கூசுகிறது.

சரி, விமானத்தைப் பூஜ்யமாக்கிப் பார்த்தேன். அப்போதும் 1.9 பூமி. சாலை, மருத்துவமனை, ராணுவம் என்று அரசு செய்வதிலும் நம் பங்கு சேர்கிறது; வீட்டு ஸ்விட்சை அணைத்தால் அது குறையாது. அடுத்த மாதப் பயணத்தை மட்டும் ரயிலுக்கு மாற்றிவிட்டேன். 19 மணி நேரம், மேல் பெர்த்.