ஓபா மீன் மாதிரி: உடலும் துடுப்பும் முடிந்தன, வண்ணம் பாதியில்

ஓபா என்பது வட்டமான உடல் கொண்ட பெரிய கடல் மீன்; இது லாம்ப்ரிஸ் குட்டேட்டஸ் இனம். 120 செ.மீ. மீனை ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கியதில் நீளம் 24 செ.மீ. உள்கூடு எக்ஸ்பிஎஸ் ஃபோம் (பாலிஸ்டைரீன் நுரைப்பலகை). அதன் மேல் 2 மி.மீ. எப்பாக்ஸி பட்டி (இரு பாகங்களைக் கலந்தால் இறுகும் மாவு போன்ற பொருள்). பட்டியின் இரு பாகங்களும் சம அளவில், நிறக்கோடு மறையும்வரை பிசைய வேண்டும். சரியாகக் கலக்காத இடம் இறுகவே இறுகாது. பட்டியில் ஊசித்துளை இருந்தால் தின்னர் கலந்த பிரைமர் (வண்ணத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சு) உள்ளே இறங்கி ஃபோமைக் கரைத்துவிடும். அதனால் தண்ணீரில் கரையும் பிரைமர்தான். செதில்கள் மிகச் சிறியவை, செதுக்கவே வேண்டாம். 400, பிறகு 800 நம்பர் உப்புத்தாள் போதும்.

மாதிரியின் உயிர் நெஞ்சுத்துடுப்பில்தான். ஓபா வாலை நம்பி நீந்தும் மீன் அல்ல. இந்த இரண்டு துடுப்புகளையும் சிறகுபோல் மேலும் கீழும் அடித்தே போகும். ஆகவே துடுப்பின் அடி கிடைமட்டமாக உடலில் பொருந்த வேண்டும். செங்குத்தாக ஒட்டினால் தட்டையான ஏதோ ஒரு மீன்தான் கிடைக்கும். இந்தத் துடுப்புத் தசையின் ஓயாத உழைப்புதான் உடல் முழுவதையும் சூடாக வைக்கிறது என்று 2015இல் மீன் ஆய்வாளர் நிக்கோலஸ் வெக்னரின் குழு காட்டியது. அந்தத் தசைக்காகத் துடுப்படியைச் சுற்றி இன்னொரு 2 மி.மீ. பட்டி ஏற்றியதும் உருவத்துக்குக் கனம் வந்துவிட்டது.

துடுப்புகள் ஓஎச்பி ஷீட்டில் (ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள்). இருபுறமும் உப்புத்தாள் போட்டு, மழுங்கிய ஊசியால் கதிர்களை (துடுப்பைத் தாங்கும் முள்கோடுகளை) கீறி, வெந்நீரில் காட்டி வளைத்த பிறகே வண்ணம். பூசியபின் வளைத்தால் அக்ரிலிக் வண்ணத்தில் விரிசல் விழும். நெஞ்சுத்துடுப்புகளை 1.2 மி.மீ. கம்பி உடலுக்குள் பிடித்துக்கொள்கிறது.

வண்ணம் பொறுமை கேட்கும் வேலை. பளபளக்கும் கறுப்பு, அதன் மேல் மெல்லிய வெள்ளி, அடுத்து பல்குச்சியால் மாஸ்கிங் திரவப் புள்ளிகள் (மேலே பூசும் நிறம் படாமல் காத்து, பிறகு உரிந்துவரும் திரவம்; அதன் கீழே வெள்ளிப் புள்ளி மிஞ்சும்). புள்ளிகளை வரிசைகட்டி வைத்தால் துணி அச்சுபோல் ஆகிவிடும். சிறிதும் பெரிதுமாகச் சிதற விட வேண்டும். பிறகு ஏர்பிரஷில் (காற்றால் வண்ணம் தெளிக்கும் கருவி), 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில், முதுகுக்கு ஒளி ஊடுருவும் நீலம், வயிற்றுக்கு ரோஜாச் சிவப்பு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஊதா தானே பிறக்கும். ஒளி ஊடுருவாத நிறங்களை எடுத்தால் அங்கே சேறுதான். செத்த ஓபாவின் நிறம் சீக்கிரம் மங்கிவிடும்; கரையில் எடுத்த படத்தைப் பார்த்துப் பூசக் கூடாது.

மாஸ்கிங்கை ஒரு நாளுக்குள், பக்கவாட்டில் தேய்த்து உரிக்க வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் வெள்ளியும் கூடவே வரும்.

பாக்கி: துடுப்புகளுக்கும் தாடைக்கும் செஞ்சிவப்பு, கண்ணைச் சுற்றிப் பொன் வளையம், நீர்சார் வார்னிஷ் மூன்று மெல்லிய பூச்சு.