ஒரு ஸ்பீடிங் டிக்கெட்டும் மூன்று அரசாங்கங்களும்

2019-ல் ஒரு சனிக்கிழமை காலை, நியூ ஜெர்சியில், மகளைப் பாட்டு வகுப்பில் விடுவதற்காகப் பக்கத்து ஊர் வழியாகப் போய்க்கொண்டிருந்தேன். 25 மைல் வேகத்தில் போகவேண்டிய தெரு. நான் 38-ல் போனேன். பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்கு சுற்றியது. போலீஸ்காரர் மரியாதையாகத்தான் பேசினார், மரியாதையாகவே டிக்கெட்டையும் நீட்டினார். அன்று இரவே ஆன்லைனில் குற்றத்தை ஒப்புக்கொண்டு பணத்தைக் கட்டிவிட்டு, அதை மறந்தும் போனேன். நான்கு வருடம் கழித்து அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தபோது அந்த டிக்கெட் திரும்பி வந்தது.

கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடம் ஆனால் விண்ணப்பிக்கலாம். அந்த ஐந்து வருடம் முடிய 90 நாள் இருக்கும்போதே கொடுத்துவிடலாம். எனக்கு அந்த நாள் 2023 ஜனவரியில் வந்தது. என்-400 என்று ஒரு படிவம், அப்போது இருபது பக்கம். கட்டணம் அப்போது 725 டாலர். முகவரி, வேலை, வெளிநாட்டுப் பயணம் எல்லாம் சரசரவென்று எழுதியாயிற்று. கடைசிப் பக்கங்களில் ஒரு கேள்வி: எந்தக் காவல் அதிகாரியாவது உங்களை எப்போதாவது கைது செய்தோ, டிக்கெட் கொடுத்தோ, பிடித்து வைத்தோ இருக்கிறாரா?

ஸ்பீடிங் டிக்கெட்டும் இதில் சேருமா? வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். 'அதெல்லாம் போடத் தேவையில்லை' என்றார் ஒருவர். 'போடாவிட்டால் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும்' என்றார் இன்னொருவர். கடைசியில் படிவத்தோடு வரும் விளக்கக் குறிப்பையே படித்தேன். முதலிலேயே படித்திருக்கலாம். கைது இல்லை, குடியோ போதையோ சம்பந்தப்படவில்லை, தண்டனையும் 500 டாலருக்குக் குறைந்த அபராதமோ லைசென்ஸில் ஏறிய தண்டப் புள்ளிகளோ மட்டும்தான் என்றால், ஆவணம் இணைக்க வேண்டாம். ஆனால் கேள்விக்கு 'ஆம்' என்றுதான் பதில் போட வேண்டும். "இருந்தாலும் கையில ஒரு பேப்பர் இருக்கட்டும்ணே" என்றார் எனக்கு முன்னால் குடியுரிமை வாங்கிய மதுரைக்காரத் தம்பி ஒருவர். சரி என்று கிளம்பினேன்.

அந்த ஊரின் முனிசிபல் கோர்ட் நம் மனசில் இருக்கிற செங்கல் நிறக் கட்டடம் மாதிரி இல்லை. போலீஸ் ஸ்டேஷன், வரி கட்டும் ஜன்னல், நாய்க்கு லைசென்ஸ் வாங்கும் ஜன்னல், கோர்ட் எல்லாமே ஒரே கூரைக்குக் கீழே. கோர்ட் நடக்கும் ஹாலில்தான் இன்னொரு நாள் மாலை ஊர்க் கவுன்சிலும் கூடுகிறது. கவுன்சில் உறுப்பினர்களின் பெயர்ப்பலகைகளை மேசை ஓரத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா டிக்கெட் எண்ணைக் கேட்டு, ஒரு தாளை அச்சடித்து, கைப்பிடி வைத்த இரும்பு முத்திரையில் கொடுத்து அழுத்தினார். மை கிடையாது. விரலால் தடவிப் பார்த்தால்தான் ஊர்ப் பெயர் தட்டுப்படும்.

காருக்குத் திரும்பி வந்து அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் மீறியது நியூ ஜெர்சி மாநிலச் சட்டம். பிடித்த போலீஸ்காரரை வேலைக்கு எடுத்துச் சம்பளம் கொடுப்பது அந்தச் சின்ன ஊர். நீதிபதியை நியமிப்பதும் ஊர்தான், ஆனால் அவர் வைத்துத் தீர்ப்புச் சொல்லும் சட்டம் மாநிலத்துடையது. லைசென்ஸில் இரண்டு புள்ளி ஏற்றியது மாநிலத்தின் மோட்டார் வாகனத் துறை. இப்போது அதைப் பற்றிக் கேட்பது இது எதிலும் சம்பந்தமில்லாத மத்திய அரசு.

நம் ஊரில் வளர்ந்தவனுக்கு அரசாங்கம் என்றால் ஓர் ஏணி. வி.ஏ.ஓ., தாசில்தார், கலெக்டர், கோட்டை, டெல்லி. இங்கேயும் அப்படித்தான் என்று பதினைந்து வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத நியூ ஜெர்சியில் நம் மாவட்டம் மாதிரி 21 கவுண்டிகள், அதற்குள் 564 உள்ளாட்சிகள். ஒவ்வொன்றுக்கும் தனித் தேர்தல், தனி வரவு செலவு. என் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் பள்ளிக்கு, மிச்சத்தில் கவுண்டிக்கு ஒரு பங்கு, டவுன்ஷிப்புக்கு, அதாவது எங்கள் ஊர் நிர்வாகத்துக்கு, ஒரு பங்கு. வாஷிங்டனுக்கு அதில் ஒரு காசு கிடையாது. வருடா வருடம் கட்டுகிற ரசீதுதான், ஆனால் ஒரு நாளும் வரி வரியாகப் படித்ததில்லை.

அப்புறம் தேர்வுக்குப் படிப்பு. அப்போது 100 கேள்விகள் கொடுத்துவிடுவார்கள். நேர்காணலில் வாய்மொழியாகப் பத்து கேட்பார்கள், ஆறு சரியாக இருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த மகள்தான் எனக்கு வாத்தியார். காரில் பின் சீட்டிலிருந்து கேட்பாள். "அப்பா, கான்ஸ்டிடியூஷன்ல முதல் மூணு வார்த்தை என்ன?" அது சுலபம், நம் இந்திய அரசியலமைப்பின் முகப்புரையும் 'மக்களாகிய நாம்' என்றுதான் தொடங்குகிறது. துணை அதிபர் யார் என்பதற்கு யாரும் படிக்கவே இல்லை. அப்போது கமலா ஹாரிஸ்; ஊரிலிருக்கும் என் அம்மாவுக்கே அந்தப் பதில் தெரியும். மக்களவையின் சபாநாயகர் பெயர்தான் படுத்தியது. நான் விண்ணப்பித்த ஜனவரி முதல் வாரத்தில் அந்த நாற்காலியே காலியாக இருந்தது. 15 சுற்று வாக்கெடுப்புக்குப் பிறகுதான் கெவின் மெக்கார்த்தி ஜெயித்தார். என் நோட்டில் பழைய சபாநாயகர் பெலோசியை அடித்துவிட்டு அவர் பெயரை எழுதினேன்.

இரண்டு கேள்விகள் அடுத்தடுத்து வரும். மத்திய அரசுக்கு மட்டும் உள்ள அதிகாரம் ஒன்று சொல்: பணம் அச்சடிப்பது, போர் அறிவிப்பது, ராணுவம் வைப்பது, ஒப்பந்தம் போடுவது. மாநிலத்துக்குள்ள அதிகாரம் ஒன்று சொல்: பள்ளி, போலீஸ், தீயணைப்பு, டிரைவிங் லைசென்ஸ், நிலப் பயன்பாடு. மனப்பாடம் செய்ய இரண்டு நிமிடம் போதும். ஆனால் இதற்குப் பின்னால் இருக்கிற கணக்கு நம் ஊர்க் கணக்குக்கு நேர்த் தலைகீழ். இந்தியாவில் மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று மூன்று போட்டு, எதிலும் இல்லாத மிச்சத்தை டெல்லிக்குக் கொடுத்துவிட்டார்கள். இங்கே மத்திய அரசுக்கு இன்னின்ன என்று எழுதிவிட்டு, மிச்சம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ என்று 1791-ல் பத்தாவது திருத்தத்தில் எழுதி வைத்தார்கள். டிரைவிங் லைசென்ஸ் பற்றி அரசியலமைப்பில் ஒரு சொல்கூடக் கிடையாது. அதனால்தான் அது மாநிலத்தின் கையில்.

இரண்டு அரசும் முட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதையும் இந்த விண்ணப்பத்தின்போதுதான் தெரிந்துகொண்டேன். 2022 ஏப்ரலிலிருந்து நியூ ஜெர்சியில் 21 வயதான யாரும் கடைக்குப் போய் கஞ்சா வாங்கலாம். எங்கள் மளிகைக் கடைக்கு நாலு கடை தள்ளி அப்படி ஒரு கடை; கண்ணாடியும் விளக்குமாக நகைக்கடை போல ஜொலிக்கும். மாநிலச் சட்டப்படி குற்றமே இல்லை. ஆனால் குடியுரிமை கொடுப்பது மத்திய அரசு, அதன் சட்டத்தில் கஞ்சா இன்னும் தடை செய்யப்பட்ட பொருள். நேர்காணலில் 'எப்போதாவது சும்மா' என்று ஒப்புக்கொண்டாலும், அந்தக் கடையில் வேலை பார்த்தாலும்கூட நன்னடத்தை இல்லை என்று விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆனால் இது தெரியாமல் மாட்டிக்கொள்ளப் பார்க்கிற இளைஞர்கள் நிறையப் பேர். விண்ணப்பிக்கப் போகிறவர்கள் இதை மட்டுமாவது மனதில் வையுங்கள்.

ஜூன் மாதம் நியூவர்க்கில் நேர்காணல். பீட்டர் ரோடினோ பெயரில் இருக்கும் மத்திய அரசுக் கட்டடம். யார் இந்த ரோடினோ என்று முதல் நாள் இரவுதான் தேடிப் பார்த்திருந்தேன். நியூவர்க்கின் மக்களவை உறுப்பினர். 1974-ல் அதிபர் நிக்சனைப் பதவி நீக்கம் செய்யத் தீர்மானம் வகுத்த நீதித்துறைக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர். அந்த வருட ஜூலையில்தான் உச்ச நீதிமன்றமும், நிக்சனின் வெள்ளை மாளிகைப் பேச்சுகள் பதிவான ஒலிநாடாக்களை ஒப்படைக்க 8-0 என்று சொன்னது. ஆகஸ்டில் நிக்சன் ராஜினாமா. அரசின் ஒரு கிளை அளவுக்கு மீறி வலுப்பெறாமல் எது தடுக்கிறது என்பதும் அந்த 100 கேள்விகளில் ஒன்று. ஒரு கிளையை இன்னொரு கிளை கட்டுப்படுத்தும் ஏற்பாடு என்பது பதில். அதை ரோடினோ பெயராக வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. வலது கையைத் தூக்கி உண்மை சொல்வதாக உறுதிமொழி, அப்புறம் கேள்விகள். மூன்றாவதோ நான்காவதோ, மாநிலத்தின் அதிகாரம் ஒன்று சொல்லுங்கள் என்றார். மேசை மேல் என் டிரைவிங் லைசென்ஸ் கிடந்தது. அதைக் காட்டினேன். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. ஆறு வரிசையாகச் சரியானதும் நிறுத்திவிட்டார். ஒரு வாக்கியம் படிக்கச் சொன்னார், ஒன்று எழுதச் சொன்னார். பிறகு படிவத்தைப் புரட்டி அந்தப் பக்கத்துக்கு வந்தார். "என்ன டிக்கெட்?" ஸ்பீடிங் என்றேன். முத்திரை வைத்த தாளை எடுத்து நீட்டினேன். வாங்கக்கூட இல்லை. "பணம் கட்டியாயிற்றா?" கட்டியாயிற்று. சிவப்புப் பேனாவால் ஒரு டிக். அவ்வளவுதான்.

(இப்போது விண்ணப்பிக்கிறவர்களுக்கு: 2025 அக்டோபர் 20 அன்றோ அதற்குப் பிறகோ கொடுத்தவர்களுக்குப் புதுத் தேர்வு. 128 கேள்விகள், அதில் 20 கேட்பார்கள், 12 சரியாக இருக்க வேண்டும். கட்டணமும் ஏறியிருக்கிறது. என் நோட்டு யாருக்கும் உதவாது.)

ஆகஸ்டில் உறுதிமொழி. கிரீன் கார்டைத் திருப்பிக் கொடுக்கும்போது கை ஒரு நொடி தயங்கியது. அதற்காகக் காத்திருந்த வருடங்கள் அப்படி. உறுதிமொழியில் நான் கவனித்தது ஒன்றுதான். அதிபருக்கு விசுவாசமாக இருப்பேன் என்று எங்கேயும் இல்லை. அரசியலமைப்பையும் சட்டங்களையும் காப்பேன் என்றுதான் சொல்ல வைக்கிறார்கள். இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைப்பது தனிக் கதை, அது இன்னொரு நாள்.

நவம்பர் 7, முதல் ஓட்டு. மகளின் பள்ளி ஜிம்தான் வாக்குச்சாவடி. கவுண்டியிலிருந்து மாதிரி வாக்குச்சீட்டு முன்பே தபாலில் வந்திருந்தது. அதிபர், செனட்டர், சபாநாயகர், கவர்னர், தலைமை நீதிபதி என்று ஆறு மாதம் மனப்பாடம் செய்தேனே, அதில் ஒரு பெயர்கூட அந்தச் சீட்டில் இல்லை. மாநில செனட், மாநில சட்டமன்றம், கவுண்டி ஆணையர், டவுன்ஷிப் கவுன்சில், பள்ளி வாரியம். மெக்கார்த்தியின் பதவியே ஒரு மாதம் முன்னால் போய்விட்டிருந்தது. பட்டியலை மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தேன். பள்ளி வாரியத்துக்கு நின்றவர்களில் ஒருவர் மட்டும் தெரிந்தவர்: சனிக்கிழமை கால்பந்துப் பயிற்சியில் பிள்ளைகளுக்கு ஆரஞ்சு நறுக்கிக் கொடுப்பவர்.