தீ மூட்ட ஒரு மூலை

மார்கழியில் மயிலாப்பூர் பக்கம் எந்தச் சபாவுக்குப் போனாலும், கச்சேரி தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போதே மேடையில் ஒரு சத்தம் கேட்கும். டக், டக், டக். மிருதங்க வித்வான் ஒரு கல்லையும் சின்ன மரத்துண்டையும் வைத்து, மிருதங்கத்தின் வலது பக்கத் தோலான வலந்தலையின் விளிம்பைத் தட்டிக்கொண்டிருப்பார். அதை யாரும் கச்சேரியில் சேர்த்துக்கொள்வதில்லை. கேன்டீனில் இன்று அடையா, கீரை வடையா என்ற பேச்சு ஒரு பக்கம் ஓடும்.

அந்தத் தட்டலைக் கவனியுங்கள். சென்னைக்கு இசை நகரம் என்ற பெயர் எப்படி வந்தது என்பதில் பாதி விஷயம் அதில் இருக்கிறது. தோலைப் பதப்படுத்தி, சுருதிக்குக் கொண்டுவந்து, அது கெடாமல் மேடை ஏற்ற நேரமும் இடமும் யாருக்குக் கொடுத்தோம், யாருக்குக் கொடுக்கவில்லை என்பதுதான் அது.

2017இல் யுனெஸ்கோ தன் படைப்பாக்க நகரங்கள் பட்டியலில் இசைக்காகச் சென்னையைச் சேர்த்தது. வெளியூர்க்காரர் மனதில் உடனே வருவது பட்டுப்புடவை, தம்புரா, டிசம்பர் சீசன். வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ காசிமேட்டிலோ குடியிருப்பவருக்கு வருஷம் முழுக்கக் காதில் விழுவது வேறு: சட்டி மேளம், டோலக், வடசென்னைத் தெருப் பாட்டான கானா. இரண்டுமே தோல் வாத்தியத்தின் மேல் நிற்பவை. ஒன்றுக்கு ஏசி ஹால், இன்னொன்றுக்கு சவ ஊர்வலம்.

முதலில் மிருதங்கம். உடல் பலா மரம். பண்ருட்டிப் பலாவுக்குத் தனி மதிப்பு. நீளம் ஏறக்குறைய 22 முதல் 24 அங்குலம். ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதியில் பாடும் பெண் குரலுக்கு நீளம் குறைந்தது, ஒரு கட்டை என்ற தாழ்ந்த சுருதி ஆண் குரலுக்கு நீளமானது. ஒரே மிருதங்கத்தை இரண்டுக்கும் இழுத்துப் பிடித்தால் தோல் ஒத்துழைக்காது: மேலே ஏற்றினால் நாதம் சுருங்கி ஒல்லியாகும், கீழே இறக்கினால் தொளதொளக்கும். அதனால்தான் சீசனில் வாசிப்பவர்கள் இரண்டு, மூன்று மிருதங்கம் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள்.

வலந்தலையின் நடுவில் கறுப்பாகத் தெரிவது கரணை. கிட்டான் கல்லைப் பொடித்து, வேகவைத்த சோற்றோடு பிசைந்து, மெல்லிய பூச்சாகப் பல தடவை பூசி, ஒவ்வொரு பூச்சையும் வழவழப்பான கல்லால் தேய்த்து ஏற்றுவார்கள். ஒரு பூச்சு காயும் முன் அடுத்ததைப் போட்டால், நாலு கச்சேரிக்குள் வெடித்துப் பெயர்ந்துவிடும். கரணையைச் சுற்றி உள்தோலுக்கும், மேலே வளையமாக வரும் வெட்டுத்தட்டுத் தோலுக்கும் இடையே ஈர்க்குச்சித் துண்டுகளைச் செருகினால் அது குச்சி மிருதங்கம். கல் துகள் போட்டால் கப்பி. குச்சிக்கு மீட்டு என்ற விளிம்பு ஒலி பளிச்சென்று வரும், கப்பிக்குக் கொஞ்சம் அடங்கி ஒலிக்கும். எது உசத்தி என்று கேட்டால் இரண்டு வித்வான்களைச் சண்டைக்கு இழுத்துவிட்ட பாவம் வரும்.

தொப்பி என்று சொல்லும் இடந்தலையில் ரவை. ஒரு சின்ன எலுமிச்சை அளவு எடுத்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, தோலின் நடுவில் அப்ப வேண்டும். தண்ணீர் குறைந்தால் பாதிக் கச்சேரியில் காய்ந்து உதிரும். கூடினால் வழுக்கி நகரும், தொப்பியின் கும்கி என்ற அடிநாதம் குழறும். கச்சேரி முடிந்ததும் வழித்து எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் தோல் ஊறும், பூச்சி அரிக்கும்.

இப்போது சென்னையின் டிசம்பருக்கு வருவோம். வடகிழக்குப் பருவமழை முழுசாக விடை பெற்றிருக்காது, காற்றில் ஈரம். ஆட்டோவில் வரும் மிருதங்கத்தின் தோல் அந்த ஈரத்தைக் குடித்துச் சுருதி இறங்கியிருக்கும். ஹாலுக்குள் ஏசி காற்று அதை உலர்த்த, தோல் சுருங்கிச் சுருதி ஏறும். மேடைக்கு வந்த கையோடு சேர்த்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தால், வர்ணம் முடிவதற்குள் கால் சுருதி தள்ளி நிற்கும். வாத்தியத்தை உறையிலிருந்து எடுத்து அரைமணி நேரமாவது அந்த ஏசியிலேயே கிடக்கவிட்டுப் பிறகு சேர்க்க வேண்டும். பின்னல் விளிம்பை மேலிருந்து கீழே தட்டினால் ஏறும், கீழிருந்து மேலே தட்டினால் இறங்கும். பின்னலில் வார் கோக்கும் 16 கண்ணிலும் ஒரே சுருதி பேச வேண்டும். ஒரு கண் மட்டும் பிசகினாலும் 'தீம்' விழும்போது நாதம் இரண்டாகப் பிளந்து அலையடிக்கும்.

இதற்கெல்லாம் சபா இடம் கொடுக்கிறது. கிரீன் ரூம் உண்டு, நேரம் உண்டு, நடுவில் நிறுத்தித் தட்டினால் முகம் சுளிக்காத ரசிகர்கள் உண்டு. இது ஒரே நாளில் வந்ததில்லை. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபா 1900இலிருந்து இருக்கிறது. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது கூடவே ஓர் இசை மாநாடும் நடந்தது; அதன் விளைவாக 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறையை ஒட்டிய கச்சேரி வழக்கம் அப்படிக் காலூன்றியது. அந்த மேடைகளில் தமிழ்ப் பாட்டுக்குத் துக்கடா இடம், அதாவது கடைசியில் வரும் சின்ன உருப்படிகளின் இடம்தான் கிடைக்கிறது என்ற மனக்குறை வளர்ந்து, 1943இல் தமிழ் இசைச் சங்கம் வந்தது. ஆக, சபா உலகத்துக்குள்ளேயே யாருக்கு எவ்வளவு இடம் என்ற வழக்கு பழசுதான்.

மிருதங்கத்துக்கு மூட்டுப் பிடிப்பவர்கள் (தோல் முகத்தைச் செய்து கட்டுபவர்கள்), தோலைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் எருமை வாரும் இல்லாமல் மிருதங்கம் இல்லை. கச்சேரி அழைப்பிதழில் பாடகர் பெயர் இருக்கும், பக்கவாத்தியக்காரர் பெயர் இருக்கும், கேட்டரிங் காண்டிராக்டர் பெயரும் இருக்கும். மூட்டுப் பிடித்தவர் பெயர் இருக்காது.

சரி, வடசென்னைக்குப் போவோம். கானாவைச் சும்மா குத்துப் பாட்டு என்று நினைப்பவர்கள் அதன் அமைப்பைக் கேட்டதில்லை. ஒழுங்கான கானா தொகையறாவில் தொடங்கும். தாளம் இல்லை, குரலை இழுத்து நிறுத்தி ஒரு சேதி சொல்லும். கச்சேரியில் விருத்தம் செய்யும் வேலைதான். அது விழுந்த இடத்தில் டோலக் பிடித்துக்கொள்ளும். பிறகு இரண்டடிப் பல்லவி, சுற்றி இருக்கும் சேக்காளிகள் வாங்கிப் பாட, சரணம். டோலக் இல்லையென்றால் தீப்பெட்டி, டேபிள், தகர டப்பா எதுவும் ஆகும். சாவு வீட்டுக் கானாவில் இறந்தவர் பெயர், அவர் பார்த்த தொழில், பிள்ளைகள், ஏரியா எல்லாம் அன்றைக்கே பாட்டுக்குள் வந்தாக வேண்டும். மெட்டு கையில் இருக்கும், வரி கையில் இருக்காது. மேடையிலேயே கற்பனையாக ஸ்வரம் கோத்துக் கல்பனா ஸ்வரம் பாடுகிறவர் எடுக்கிற அதே ரிஸ்க்.

இந்த இசையைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனது சினிமா. 1990களில் தேவா இசையில் கானா கடைக்கோடிக் கிராமத்து டீக்கடை வரை போனது. 2006இல் கானா உலகநாதன் குரல் போனது. நல்லதுதான். கூடவே ஒரு வில்லங்கமும் வந்தது. கானா என்றால் லுங்கி, பாட்டில், ரவுடி என்ற படம் ஊர் மனதில் ஒட்டிக்கொண்டது. துக்கப் பாட்டு என்ற பெரிய பங்கு சினிமாவில் அதிகம் ஏறவில்லை. மெட்ராஸ் பாஷைக்கும் இதே கதிதான். சிரிக்க மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இனி, பறையும் சட்டி மேளமும் ஹாலுக்குள் வரும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். என் ஆத்திரமெல்லாம் இங்கேதான்.

பறை என்பது ஏறக்குறைய 14 அங்குல வட்டச் சட்டம். மூன்று மரத்துண்டுகளை உலோகப் பட்டையால் இணைத்து, தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, இழுத்துக் கட்டிக் காயவைத்தது. மிருதங்கத்தைப் போல இதற்குத் தட்டிச் சேர்க்கும் பின்னலோ வாரோ கிடையாது. சுருதியேற்ற ஒரே வழி சூடு. வைக்கோல், காய்ந்த ஓலை, பழைய பேப்பர் எதையாவது கொளுத்தி, தோலைத் தீக்கு மேலே கொஞ்சம் எட்டப் பிடித்து, வட்டமாகச் சுற்றிச் சுற்றிக் காய்ச்ச வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தினால் தோல் பொசுங்கும். விளிம்பில் அதிகம் பட்டால் பசை இளகித் தோல் கிளம்பிவிடும். சுண்டிப் பார்த்தால் 'தொப்' என்றிருந்தது 'டங்' என்று எழும்பும். அங்கே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேலே காய்ச்சினால், முதல் ஓங்கிய அடியில் கிழியும்.

அந்தச் சூடு நிலைக்காது. மழைக்கால ஈரக்காற்றில் அரைமணி நேரம்கூடத் தாங்காது. தெருவில் இது பிரச்சினையே இல்லை. ஊர்வலம் நிற்கிற இடத்தில் நாலு பேப்பரைக் கொளுத்தினால் முடிந்தது. ஹாலில் தீ மூட்ட முடியாது, மூட்டவும் கூடாது. ஆகவே ஆறு மணிக்கு வாசலில் காய்ச்சி எடுத்து வந்த பறை, வரவேற்புரை, குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப்பரிசு எல்லாம் முடிந்து ஏழு மணிக்கு மேடை ஏறும். தோல் தொங்கிப் போயிருக்கும். முன்வரிசையில் இருப்பவர், 'நாட்டுப்புறக் கலை இல்லையா, சத்தம் ஒரே மாதிரிதான் இருக்கும்' என்று பெருந்தன்மையோடு கைதட்டுவார். ஒரு நகரம் தன் இசையைப் பற்றி வைத்திருக்கும் அபிப்பிராயம் இப்படியும் உருவாகிறது.

தீர்வு கஷ்டமே இல்லை. கட்டடத்துக்கு வெளியே, பந்தலுக்கும் ஜெனரேட்டருக்கும் எட்டத்தில், தீ மூட்ட ஒரு மூலை. பக்கத்தில் இரண்டு வாளி மணல். மேடைக்குப் பின்னால் 15 ஆம்பியர் பிளக்கில் ஒரு காயில் அடுப்பு, முடிந்தால் இரண்டு. பகல் நிகழ்ச்சி என்றால் சென்னை வெயிலே போதும்: மொட்டை மாடியில் தோல் வெயிலைப் பார்க்கக் கால் மணி நேரம். எல்லாவற்றுக்கும் மேலாக, பறையை நிகழ்ச்சி நிரலில் முதலில் வையுங்கள். உரைகள் காத்திருக்கட்டும், அவற்றுக்குச் சூடு ஆறுவதில்லை.

அடுத்தது மைக். சபா சவுண்டுக்காரருக்குக் கைப்பழக்கம் கச்சேரி: வாத்தியத்துக்கு ஒரு சாண் தூரத்தில் மைக். பறைக்கு அப்படி வைத்தால் ஸ்பீக்கரில் வருவது பறையே அல்ல, கரகரப்பு. மூன்று நாலு அடி தள்ளி, ஆறு பறைக்கு இரண்டு டைனமிக் மைக் போதும். சின்ன ஹால் என்றால் மைக்கே வேண்டாம். இன்னொரு தப்பு, நிற்கவைக்கும் விதம். பாடகர் முன்னால், மேளம் நேர் பின்னால் என்று நிறுத்துவார்கள். பாடகரின் மைக் அவரைப் பார்க்கிறது என்றால் அவருக்குப் பின்னால் இருக்கும் மேளத்தையும் பார்க்கிறது. குரல் கேட்கவில்லை என்று வால்யூமை ஏற்றினால் மேளமும் சேர்ந்து ஏறும், கடைசியில் ஹவ்லிங். மேளக்காரர்களை இரண்டு ஓரத்துக்கும் பிரித்து, பாடகருக்கு இணையாகவோ ஓரடி முன்னாலோ நிறுத்துங்கள். பாதித் தொல்லை தீர்ந்துவிடும். உட்கார நாற்காலி போடவே போடாதீர்கள். பறையின் இரண்டு கோல்களான அடிக்குச்சியும் சிம்புக்குச்சியும் பேசுவதற்கு உடம்பு அசைய வேண்டும்.

2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் என்ற கலைவிழா பூங்காக்களையும் தெருக்களையும் மேடையாக்கியது. நடுவில் நின்றுபோய் 2023 பொங்கலில் மறுபடி வந்தது. திறந்தவெளியில் பறை கெட்டுப்போக வாய்ப்புக் குறைவு. எதிரொலிக்க நாலு சுவர் இல்லை, ஓரமாகப் போய்க் காய்ச்சலாம். 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் தொடங்கிய விழா கர்நாடக சங்கீதத்தைக் கடற்கரைக்கு எடுத்துப் போனது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு முதல் முறை மேடையேறியபோது, சட்டியும் கானாக் குரலும் கிதாரோடு சமமாக நின்றன. துணைக்கு வந்த வாத்தியமாக அல்ல, நிகழ்ச்சியே அதுவாக. மூன்றில் எது நகரத்தின் முகத்தை அதிகம் மாற்றியது என்று கேட்டால், மூன்றாவது என்பேன். முதல் இரண்டும் இடத்தை மாற்றின. இது யார் சொல்வதைக் கேட்க வந்தோம் என்பதையே மாற்றியது.

இதற்கிடையில் தெருவே மாறிக்கொண்டிருக்கிறது. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். விடிய விடிய மைக் வைத்துப் பாடும் சாவு வீட்டுக் கானாவுக்கு அது பெரிய அடி. டோலக் இருந்த இடத்தில் ரிதம் பேட் உட்கார்ந்திருக்கிறது. தீ வேண்டாம், வெயில் வேண்டாம், போல்ட்டைத் திருகினால் போதும் என்று பல மேள செட்டுகள் தோலை விட்டுப் பிளாஸ்டிக் ஷீட்டுக்குப் போய்விட்டன. வாசிக்கிறவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மழையில் நனைந்தாலும் அது அசராது, கிழிந்தால் உடனே மாற்றிவிடலாம்.

வித்தியாசத்தைக் காது சொல்லும். அடுத்த முறை உங்கள் தெருமுனையில் மேளம் திரும்பும்போது ஜன்னலைச் சாத்துவதற்கு முன் ஒரு நிமிஷம் கொடுங்கள். ஒவ்வொரு அடியும் சுவரில் ஆணி அடிப்பதுபோல் விழுந்து அங்கேயே செத்தால் அது ஷீட். அடி விழுந்த பிறகும் அடியில் ஒரு ரீங்காரம் கொஞ்ச நேரம் தொங்கினால், அது தோல். பக்கத்தில் எங்கேயாவது பேப்பர் எரிந்த சாம்பலும் கிடக்கும்.