எரிந்த நிலத்துக்கு யார் பணம் தருவது? ஸ்காட்ஸ் சட்ட வரலாற்றுத் தாளில் நான் சொதப்பியதும் தேறியதும்

பதினேழாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில் போரில் சொத்தை இழந்த நிலக்காரர்களுக்கு நஷ்டஈடு எப்படிக் கிடைத்தது என்ற பகுதியைப் பார்த்தாலே பலர் பயப்படுகிறார்கள். என் ஜூனியர்கள் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். முதல் தடவை இதே கேள்வியில் மோசமாக வாங்கியவன் நான், ஆகவே எங்கே சறுக்கும் என்று ஓரளவு தெரியும்.

என் தப்பு என்னவென்றால் டச்சு சட்ட அறிஞர் குரோஷியஸில் ஆரம்பித்தேன். 1625இல் வந்த அவருடைய போர், அமைதிச் சட்ட நூல், பொது நன்மைக்காக அரசு ஒருவன் சொத்தை எடுக்கலாம், எடுத்தால் ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கை, அப்புறம் 1758இல் வாட்டெல், அப்புறம் 1773இல் எர்ஸ்கின் என்று சட்ட நூலாசிரியர்களையே அடுக்கி நாலு பக்கம் ஓட்டினேன். திருத்தியவர் ஓரத்தில் பென்சிலால் ஒரே வரி எழுதியிருந்தார்: "இதில் ஸ்காட்லாந்து எங்கே?" அவர் கேட்டது நியாயம்தான். கொள்கை எல்லாம் சரி, ஆனால் வீடு எரிந்தவன் எந்தக் கதவைத் தட்டினான் என்று நான் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

இரண்டாம் தடவை தலைகீழாகப் படித்தேன். 1707 வரையிலான ஸ்காட்லாந்து நாடாளுமன்றப் பதிவுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, பழைய ஸ்காட்ஸுக்குப் பக்கத்திலேயே இன்றைய ஆங்கில வடிவமும் இருக்கிறது. அதில் ஒரே ஒரு சட்டத்தை எடுத்து வரி வரியாகப் படியுங்கள். நான் எடுத்தது 1690ஆம் ஆண்டு கல்லோடன் நிலக்காரர் டங்கன் ஃபோர்ப்ஸுக்காகப் போட்டது. இவர் வில்லியம் மன்னர் பக்கம். 1689இல், பதவியிழந்த ஜேம்ஸ் மன்னரின் ஆட்கள் இவருடைய கல்லோடன், ஃபெரின்டோஷ் நிலங்களைச் சூறையாடி, ஃபெரின்டோஷில் இருந்த சாராய வடிசாலையையும் நாசம் செய்துவிட்டார்கள். அந்த வடிசாலை தொன்மையானது என்று சட்டத்திலேயே போட்டிருக்கிறார்கள், யாரோ நேற்று வைத்த அடுப்பில்லை என்று காட்டத்தான் போலிருக்கிறது.

சரி, நாடாளுமன்றம் என்ன கொடுத்தது? பணமாக எண்ணிக் கொடுக்கவில்லை. வருஷத்துக்கு 400 மெர்க் மட்டும் கட்டிவிட்டு, ஃபெரின்டோஷ் நிலத்தில் விளையும் தானியத்தை வடித்துக்கொள்ளலாம், அதற்குமேல் கலால் வரி இல்லை என்றது. கஜானாவிலிருந்து ஒரு காசும் வெளியே போகாமல், இனிமேல் வரவேண்டிய வரியை விட்டுக்கொடுத்து ஈடுகட்டினார்கள். இது விதிவிலக்கு என்று நினைக்காதீர்கள். 1640களிலும் பாழாய்ப்போன நிலங்களுக்குப் படைச்செலவு வரியில் தள்ளுபடி கொடுத்த வழக்கம் உண்டு.

இங்கே ஒரு கணக்கைக் கட்டாயம் போட்டுக் காட்டுங்கள். ஒரு மெர்க் என்றால் 13 ஷில்லிங் 4 பென்ஸ், அதுவும் ஸ்காட்ஸ் பணத்தில். ஸ்காட்ஸ் பவுண்டு 12 சேர்ந்தால்தான் ஒரு ஸ்டெர்லிங் பவுண்டு. ஆக 400 மெர்க் என்பது வெறும் 22 ஸ்டெர்லிங் பவுண்டுச் சொச்சம். பெரிய வடிசாலைக்கு வருஷ வரி அவ்வளவுதான்! என்னோடு எழுதிய பாதிப் பேர் ஸ்காட்ஸ் பவுண்டையும் ஸ்டெர்லிங்கையும் குழப்பிக்கொண்டு மார்க்கை விட்டார்கள்.

கொள்கையை இதற்கப்புறம்தான் கொண்டுவர வேண்டும். படையே வேண்டுமென்று, முன்கூட்டியே எடுத்ததற்கு அரசு ஈடு தர வேண்டும், சண்டையின் போக்கில் தவிர்க்க முடியாமல் நடந்த சேதம் உடையவன் தலைவிதி என்பது வாட்டெல் போட்ட கோடு. ஃபோர்ப்ஸ் கதை இதில் எந்தப் பக்கமும் உட்காராது, ஏனென்றால் அவர் நிலத்தை அழித்தது அரசே இல்லை, எதிரிப்படை. கண்டிப்பான உரிமை என்று பார்த்தால் அவருக்கு ஒன்றும் வரக்கூடாது. ஆனாலும் வந்தது. ஜெயித்த கட்சியில் இருந்தார், மனு போட்டார், நாடாளுமன்றத்துக்கும் மனசு இருந்தது. உரிமைக்கும் தயவுக்கும் நடுவில் இருக்கும் இந்த இடத்தைத்தான் கேள்வி கேட்பவர் தோண்டுவார், அங்கேயே நின்று எழுதுங்கள்.

தயவாகக் கிடைத்தது ஆட்சி மாறினால் போய்விடும் என்பதற்கு 1661 போதும். மன்னர் பக்கப் படைத்தலைவர் மான்ட்ரோஸின் 1644-45 போரில் ஆர்கைல் பகுதி எரிந்தபின் அன்றைய நாடாளுமன்றம் நிவாரண உத்தரவுகள் போட்டது. மன்னராட்சி திரும்பியதும் 1640 முதல் கூடிய அந்த நாடாளுமன்றங்களின் சட்டங்களை ஒரே சட்டத்தில் செல்லாததாக்கினார்கள். மன்னரை எதிர்த்த அந்தத் தரப்பின் தலைவர் மார்க்விஸ் ஆர்கைலுக்குத் தலையே போனது. 1692இல் அரசுப் படையே மெக்டொனால்டு குலத்தாரைக் கொன்ற கிளென்கோ படுகொலையில் தப்பியவர்களுக்கு ஈடு தருவதையும், 1695இல் மன்னரிடமே விட்டார்கள். அந்தப் படுகொலைக்கான கட்டளைகளில் கையிருந்த அமைச்சர், நாம் மனப்பாடம் செய்யும் ஸ்காட்ஸ் சட்ட நூலை எழுதிய ஸ்டேர் பிரபுவின் சொந்த மகன், இதைப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதினாலே போதும்.

ஸ்பூல்யி என்ற வழக்கு வகையையும் விடாதீர்கள் (எழுத்தில் இசட் இருக்கும், வாயில் வராது). சட்டப்படியான உத்தரவில்லாமல் மாட்டையோ தானியத்தையோ எடுத்தவன் மேல் தனியாள் போடும் வழக்கு அது. ஓடிப்போன கலகக்காரனிடம் இதை வைத்து என்ன வசூலிப்பது? நாடாளுமன்றத்துக்கு மனு ஏன் குவிந்தது என்பதற்குப் பதில் அதிலேயே இருக்கிறது.

பர்மா ஆயில் வழக்கைத் தொடாமல் இந்தப் பகுதியை முடிக்கவே முடியாது, ஆனால் ஒரு பத்திக்கு மேல் வேண்டாம். 1942இல் ஜப்பான் கைக்குப் போகக்கூடாது என்று பிரிட்டிஷ் தரப்பே ரங்கூன் பக்கத்து எண்ணெய் நிறுவனச் சொத்துகளை அழித்தது. நம் ஊரில் பர்மாவிலிருந்து நடந்தே வந்த குடும்பங்கள் சொல்லும் அதே மாதங்கள். கம்பெனிகள் ஸ்காட்லாந்தில் பதிவானவை, அதனால் வழக்கும் அங்கேதான். 1964இல், அப்போது கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 3க்கு 2 என்று ஈடு உண்டு என்றது, அடுத்த வருஷமே நாடாளுமன்றம் முன்தேதியிட்டுச் சட்டம் போட்டு அதைத் துடைத்துவிட்டது. 1661ஐ இதன் பக்கத்தில் வைத்தீர்கள் என்றால் திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார்.

கடைசிப் பத்து நிமிஷம் மிச்சமிருந்தால் ஃபெரின்டோஷுக்கே திரும்புங்கள், நான் அப்படித்தான் செய்தேன். மற்ற வடிசாலைக்காரர்கள் புலம்பிப் புலம்பி, 1784இல் அந்தச் சலுகை ரத்தானது. ரத்து செய்ததற்கு ஃபோர்ப்ஸ் குடும்பத்துக்கு அரசு 21,000 ஸ்டெர்லிங் பவுண்டுக்கு மேல் எண்ணிக் கொடுக்க வேண்டிவந்தது, இந்தத் தடவை ரொக்கமாகவே.