41 கார், 41 ஆள்

எல்லாம் ஒரு காலி மனையில் தொடங்கியது. புதுச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் இருக்கும் எங்கள் நிறுவனம், பக்கத்து மனையை வாடகைக்கு எடுத்து ஊழியர்களின் கார்களை நிறுத்த விட்டிருந்தது. 2023 தொடக்கத்தில் மனைக்காரர் வாடகையை மாதம் 18,000 ரூபாயிலிருந்து 30,000 ஆக்கினார். அந்த மனையும் போதாமல் கார்கள் சாலை ஓரத்தில் நிற்க ஆரம்பித்திருந்தன. எதிர்ப்புறம் இன்னொரு மனை பார்க்கும்படி முதலாளி சொன்னார். நிர்வாகப் பிரிவில் இருப்பதால் வேலை என் தலையில் விழுந்தது.

மனை தேடுவதற்கு முன், எத்தனை காருக்கு இடம் வேண்டும் என்று தெரிய வேண்டுமே. காவலாளி அண்ணனும் நானும் ஒரு வாரம் காலை 8 மணி முதல் 9:15 வரை வாசலில் நின்று எண்ணினோம். மொத்தம் 140 பேர். பெரும்பாலோர் இரு சக்கர வாகனத்திலும் பஸ்ஸிலும் வருகிறவர்கள். கார்கள் 46. அவற்றில் 41-இல் ஓட்டுகிறவரைத் தவிர ஒரு குஞ்சு குளுவான்கூட இல்லை. நோட்டில் கோடு கிழித்துக்கொண்டிருந்த அண்ணன், "சார், உங்கள் காரையும் சேர்க்கவா?" என்று கேட்டார். சேர்த்துக்கொண்டார். என் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். தினமும் போக 20 கிலோமீட்டருக்கு மேல், வர அதே அளவு, தன்னந்தனியாக.

சம்பளப் பட்டியலில் இருந்த முகவரிகளை வைத்துப் பார்த்தபோது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. 46 பேரில் 17 பேர் கடலூர் சாலை வழியாக வருகிறவர்கள். கடலூரிலிருந்து 9 பேர். மற்றவர்கள் பாகூர், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம். ஒரே சாலை, ஒரே நேரம், மரப்பாலத்தில் ஒரே நெரிசல். முன்னால் நிற்கும் கார் கணக்குப் பிரிவு நண்பருடையது என்று தெரிந்து ஹாரன் அடித்து வணக்கம் சொன்ன நாட்கள் உண்டு. இரண்டு பேரும் ஒரே காரில் வரலாம் என்று அப்போது தோன்றவே இல்லை.

என் அப்பா ரோடியர் மில் தொழிலாளி. அரியாங்குப்பத்திலிருந்து சைக்கிளில்தான் போவார், கேரியரில் எப்போதும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அதே சாலையில் நான் நான்கு காலி இருக்கைகளைச் சுமந்து போய்க்கொண்டிருந்தேன்.

முதலாளியிடம் முதல் முறை பேசியபோது தப்புச் செய்தேன். புகை, வெப்பமயமாதல், நெரிசல் என்று படங்களோடு போனேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டே கைபேசியைப் பார்த்தார். "நல்ல விஷயம்தான், மனை என்ன ஆயிற்று?" என்றார்.

இரண்டாவது முறை ஒரே ஒரு தாள். முதல் மனையில் 24 கார் நிற்கும். 30,000-ஐ 24-ஆல் வகுத்தால் 1,250. "சார், காரில் வருகிற ஒவ்வொருவருக்கும் நாம் மாதம் 1,250 ரூபாய் கொடுக்கிறோம். பஸ்ஸில் வருகிறவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுப்பதில்லை." அவர் கைபேசியைக் கீழே வைத்தார். சம்பளம் குறைந்தவர்கள் நின்றுகொண்டு பயணம் செய்ய, சம்பளம் கூடியவர்களின் காருக்கு நாம் வாடகை கட்டுகிறோம் என்பது அந்தத் தாளைப் பார்க்கும்வரை எனக்கும் உறைக்கவில்லை.

அந்த எண்ணம் என் மூளையில் உதித்ததல்ல. கலிபோர்னியாவில் 1992-இல் ஒரு சட்டம் வந்தது. வாடகைக்கு இடம் எடுத்து ஊழியர்களுக்கு இலவசமாகக் கார் நிறுத்த விடும் நிறுவனங்கள், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனமானால், வேண்டாம் என்பவருக்கு அந்த வாடகையைப் பணமாகத் தர வேண்டும் என்றது. டொனால்ட் ஷூப் என்ற பேராசிரியர் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் அப்படிச் செய்த 8 நிறுவனங்களை ஆராய்ந்தார். தனியாகக் காரில் வருவோர் 76 சதவீதத்திலிருந்து 63 ஆகக் குறைந்திருந்தார்கள். யாரையும் திட்டவில்லை, தடுக்கவுமில்லை. இடமா, பணமா என்று கேட்டார்கள், அவ்வளவுதான்.

கார் நிறுத்தும் இடம் வேண்டாம் என்பவருக்கு மாதம் 800 ரூபாய் தர முதலாளி சம்மதித்தார். கணக்கு அலுவலர் உடனே முட்டுக்கட்டை போட்டார், நியாயமான முட்டுக்கட்டை. நிறுவனமே வண்டி வைத்து வீட்டிலிருந்து வேலையிடத்துக்கு அழைத்து வந்தால் வருமான வரிச் சட்டம் அதை வரி போட வேண்டிய சலுகையாகக் கணக்கிடாது. பணமாகக் கொடுத்தால் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு உட்பட்டுவிடும். முன்பு போக்குவரத்துப் படியில் மாதம் 1,600 ரூபாய் வரை விலக்கு இருந்தது. 2018 பட்ஜெட்டில் பெரும்பாலோருக்கு அதை எடுத்துவிட்டு நிலையான கழிவைக் கொண்டுவந்தார்கள். ஆகவே பணத்தைவிட வேன் லாபம் என்றார்.

வேன் வைத்தோம். இரண்டு மாதத்தில் படுத்துவிட்டது. புதுச்சேரிப் பதிவு வேன் கடலூருக்குள் வந்து ஆள் ஏற்ற வேண்டுமானால் தமிழ்நாட்டுக்குத் தனி வரி, தனி அனுமதி என்று ஒப்பந்தக்காரர் சொன்ன தொகையைக் கேட்டு, வேனை எல்லையிலேயே, முள்ளோடையில், புறப்பட வைத்தோம். கடலூர்க்காரர் பஸ்ஸில் ஏறி முள்ளோடையில் இறங்கி வேனில் மாற வேண்டும். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த மனிதர் அதை விட்டு எதற்காக இறங்குவார்? அதே பஸ்ஸில் புதுச்சேரி வரைக்கும் போய்விடுவார். கடைசி வாரத்தில் வேனில் வந்தவர்கள் 3 பேர்.

அதன் பிறகுதான் சொந்தக் கார்களைப் பகிர்ந்துகொள்ளும் யோசனை. இங்கே நான் செய்த இரண்டாவது தப்பு, வரைபடத்தைப் பார்த்து நானே குழு பிரித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியது. தவளக்குப்பத்திலிருந்து வரும் அக்கா ஒருவர் நேராக என் மேசைக்கு வந்தார். "ஒரே ஆபீஸ் என்பதற்காக யார் காரிலும் நான் ஏறிவிட முடியுமா தம்பி?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. பட்டியலைக் கிழித்தேன். யார் யாரோடு என்பதை அவரவரே முடிவு செய்தார்கள். பெண்கள் 4 பேர் தனியாக ஒரு குழு அமைத்தார்கள். இன்றுவரை ஒரு நாள்கூடத் தாமதமாக வராத குழு அதுதான்.

காசு விஷயத்தில் கவனமாக இருந்தோம். வெள்ளை எண் பலகை மாட்டிய சொந்தக் காரில் கட்டணம் வாங்கி ஆள் ஏற்றினால் அது வாடகை வண்டி ஆகிவிடும். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கவும் வழி உண்டு. அதனால் பணமே கை மாறக் கூடாது, ஏரிப் பாசனத்தில் தண்ணீர் விடுவதுபோல முறை வைத்து வாரம் ஒருவர் கார் என்று பாகூர்க்காரர் ஒருவர் சொன்னார். நான் நாள் கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டதை அவர் டீ குடித்து முடிப்பதற்குள் தீர்த்துவிட்டார்.

முறை வைத்ததிலும் ஒரு சிக்கல் வந்தது, பெட்ரோலால். தமிழ்நாட்டைவிடப் புதுச்சேரியில் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. கார் கொண்டுவராத வாரத்தில் வீட்டுக் காருக்கு மலிவு பெட்ரோல் போட முடியவில்லை என்று ஒருவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். மலிவு பெட்ரோலுக்காகத் தினம் 40 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறீர்களே என்று கேட்டேன். சிரித்தார், ஆனால் மூன்று வாரம் கழித்துத்தான் சேர்ந்தார்.

இன்னொரு சிக்கலைக் கடலூர்க்காரர்கள் நொடியில் ஊகித்திருப்பீர்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் எங்கள் காரை நிறுத்தினார்கள். நான்கு பைகளில் ஒன்றில் புதுச்சேரி மது, இரண்டு பாட்டில்கள். கார் என்னுடையது. பையின் சொந்தக்காரர் கெஞ்சி, காவலர் திட்டி, பாட்டில்களை அங்கேயே விட்டுவிட்டு அரை மணி நேரம் கழித்துக் கிளம்பினோம். வண்டியையே பறிமுதல் செய்யலாம் என்று தெரிந்த நாளிலிருந்து, எங்கள் குழுவின் முதல் விதி பை சம்பந்தப்பட்டது. எழுதி வைக்கவில்லை, எழுதவும் முடியாது.

இத்தனைக்கும் பிறகு பலர் தயங்கியதற்குக் காரணம் வேறு. "பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து மதியம் போன் வந்தால் நான் எப்படிப் போவேன்?" இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் எந்த 800 ரூபாயும் வேலை செய்யாது. அவசரம் என்றால் டாக்சிச் செலவை நிறுவனம் கொடுக்கும், காரணம் கேட்காது என்று முதலாளியிடம் எழுதி வாங்கினேன். எல்லாரும் துர்ப்பிரயோகம் செய்வார்கள் என்று அவர் பயந்தார். முதல் வருடத்தில் 7 தடவைதான் டாக்சி பிடித்தோம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி மாலை 5:20 மணிக் கூட்டம். 5:30-க்குக் கிளம்ப வேண்டியவர்களை "ஒரு பத்து நிமிடம்" என்று முதலாளி உட்கார வைத்துவிடுவார். ஒருவர் மாட்டிக்கொண்டால் வாசலில் மூன்று பேர் காத்திருப்பார்கள். இரண்டு குழுக்கள் இதனாலேயே உடைந்தன. ஊழியர்களின் மனதை மாற்ற வேண்டும் என்று ஆறு மாதம் அலைந்தவனுக்கு, மாற வேண்டியது முதலாளியின் நாட்குறிப்பு என்று தெரிய இவ்வளவு நாளாயிற்று. மாலை 5 மணிக்கு மேல் கூட்டம் கிடையாது என்ற சுற்றறிக்கையில் அவர் கையெழுத்து வாங்க மூன்று முறை போனேன். வேனுக்கும் பணத்துக்கும் அவ்வளவு பாடுபடவில்லை.

பின்னடைவுகளும் உண்டு. பஸ் நிலையச் சீரமைப்புக்காக 2024-இல் பஸ்களை ஏ.எஃப்.டி. மைதானத்துக்கு மாற்றியபோது, பஸ்ஸுக்கு மாறியிருந்த இரண்டு பேர் மறுபடி காரை எடுத்தார்கள். குறை சொல்ல முடியவில்லை. ஏ.சி.யை எந்த அளவில் வைப்பது என்ற சண்டையில் ஒரு குழு கலைந்தது. அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில், பெஞ்சல் புயல் மழைக்குப் பின் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூர் பக்கம் போக்குவரத்துத் தடைப்பட்டபோது, யார் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது எங்கள் கார்க் குழுவின் வாட்ஸ்அப்பில்தான் முதலில் தெரிந்தது.

இப்போது காலையில் 29 கார்கள் வருகின்றன. இரண்டாவது மனையை எடுக்கவே இல்லை. காவலாளி அண்ணன் இன்னமும் மாதத்தில் ஒரு வாரம் எண்ணுகிறார். முதலாளியின் காரில் அவரும் டிரைவரும் மட்டும்தான் வருகிறார்கள். அதைப் பகிர்ந்த கார்களின் பட்டியலில், 2 பேர் என்று அண்ணன் எழுதியிருக்கிறார். நான் திருத்தவில்லை.