விழவும் தெரிய வேண்டும்

ரக்பி பார்க்கும்போது இப்போதெல்லாம் என் கண் பந்தின் மேல் இல்லை. டேக்கிள் ஆனவர், அதாவது பந்தோடு ஓடும்போது எதிராளியால் பிடித்து வீழ்த்தப்பட்டவர், எப்படித் தரைக்கு வருகிறார் என்றுதான் பார்க்கிறேன். ஸ்லோ மோஷனில், திரும்பத் திரும்ப.

நன்றாக விழுபவர்களிடம் ஒரு வரிசை தெரிகிறது. முதலில் முழங்கால் மடங்கும், அப்புறம் தொடை, இடுப்பு, கடைசியில் தோளின் பின்பக்கம். தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்கும்; தலை பின்னால் போய்த் தரையில் அடிக்காமல் காப்பது அதுதான். அடி ஒரே இடத்தில் இறங்காமல் உடம்பு முழுக்கப் பரவிவிடுகிறது.

கைதான் ஆபத்து. விழும்போது கையை ஊன்றத் தோன்றுவது எல்லோருக்கும் இயல்பு. ஆனால் நீட்டிய கையில் தன் எடையும், மேலே விழும் எதிராளியின் எடையும் சேர்ந்து இறங்கினால் மணிக்கட்டு, காறை எலும்பு, தோள் மூட்டு, எது வேண்டுமானாலும் போகலாம். பந்தை இரண்டு கையாலும் அணைத்தபடி விழுபவருக்கு ஊன்றக் கையே இருக்காது. எவ்வளவு பெரிய பாதுகாப்பு அது!

இதெல்லாம் விழுவது நம் கட்டுப்பாட்டில் இருக்கும் வரைதான். தூக்கித் தலைகீழாகப் போட்டால் எந்தப் பயிற்சியும் உதவாது. 2011 உலகக் கோப்பை அரையிறுதியில் வேல்ஸ் கேப்டன் சாம் வார்பர்ட்டன், பிரான்சின் வின்சென்ட் கிளெர்க்கைத் தூக்கிப் போட்டதற்குச் சிவப்பு அட்டை வாங்கினார். 14 பேரோடு ஆடிய வேல்ஸ் 9-8 என்று தோற்றது. அன்று நடுவர் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன்.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு டேக்கிளுக்கு முன்னால் விழச் சொல்லிக்கொடுங்கள். முதலில் மண்டியிட்டபடி, பிறகு நின்றபடி, பிறகு நடந்துகொண்டே.